நட்பு கேட்க விடாத கேள்வி

2024 ஆகஸ்டில் பிரதமர் அன்வார் இப்ராகிம் புதுதில்லிக்குப் போய்வந்ததிலிருந்து நம் மேடைகளில் ஒரு நம்பிக்கை வேரூன்றி வருகிறது. இரு நாட்டுத் தலைவர்களும் நண்பர், சகோதரர் என்று உறவு கொண்டாடினார்கள். மலேசிய இந்திய உறவு 'விரிவான வியூகப் பங்காளித்துவம்' என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் திருவள்ளுவர் இருக்கை என்ற செய்தியும் கூடவே வந்தது. அன்று தொட்டு, கெடாவில் எந்தத் தமிழ் நிகழ்ச்சிக்குப் போனாலும் ஒரே வாதம் காதில் விழுகிறது. நாடுகளை நெருங்கவைப்பவர்கள் மனிதர்கள். தூதர்கள் மனம்விட்டுப் பழகினால் போதும், மற்றவை தாமாக நடக்கும் என்பதே அந்த வாதம்.

சுங்கைப் பட்டாணியில் அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியவர் இதற்குச் சான்றாக நம் மண்ணிலிருந்தே ஒரு கதையை எடுத்தார். 1941 டிசம்பரில் அலோர் ஸ்டாரில் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவும் கேப்டன் மோகன் சிங்கும் கொண்ட நட்பிலிருந்துதான் இந்திய தேசிய ராணுவமே பிறந்தது, ஒரு மனிதரின் அன்பு ஒரு படையையே உருவாக்கியது என்றார். மண்டபம் கைதட்டியது.

அந்தக் கதையை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். முழுவதும் சொன்னால் அது அவர் வாதத்துக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும். தூதர்களின் தனிப்பட்ட நட்பைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மறுப்பு உண்டு. அதை எடுத்துச் சொல்ல கெடாவை விடப் பொருத்தமான இடம் கிடையாது.

நட்பால் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. 1962இல் சீனா இந்திய எல்லைக்குள் புகுந்தபோது, கெடா அரச குடும்பத்தில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் ஒரு நிதியே திரட்டி இந்தியாவின் பக்கம் நின்றார். இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து நின்ற ஆண்டுகளில் இந்தியா மலேசியாவுக்கு ஆதரவாக இருந்தது. 1965 இந்திய பாகிஸ்தான் போரின்போது ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் மலேசியாவின் பிரதிநிதி ராமானி பேசிய பேச்சு இந்தியாவுக்குச் சாதகமாக இருந்தது என்று சினந்து, பாகிஸ்தான் மலேசியாவுடன் உறவையே முறித்துக்கொண்டது. 2024இல் அரிசி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு இருந்தும் மலேசியாவுக்கு 2,00,000 டன் வெள்ளை அரிசி தர இந்தியா முன்வந்தது. நெருக்கடி நேரத்தில் தொலைபேசியை எடுத்துப் பேச ஒருவருக்கொருவர் அறிமுகம் வேண்டும். முகம் கொடுத்துப் பேசாத தூதரால் யாருக்கும் பயனில்லை. இவ்வளவும் சரி.

ஆனால் இந்தப் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். அரசுக்கு அரசு செய்துகொண்ட உதவிகள்தாம் இதில் இருக்கின்றன. எல்லாமே, அறைக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டவை. அறைக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்த நட்பு என்ன செய்தது என்பதே என் கேள்வி.

இனி ஃபுஜிவாராவின் கதைக்கு வருவோம்.

மேஜர் ஃபுஜிவாரா இவாய்ச்சி ஜப்பானியத் தரைப்படையின் உளவு அதிகாரி. பிரிட்டிஷ் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்களை ஜப்பான் பக்கம் திருப்பும் வேலைக்காக, போர் மூள்வதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு சிறு குழுவுடன் பாங்காக்குக்கு அனுப்பப்பட்டவர். டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கரையிறங்கினர். 11 முதல் 13 வரை நடந்த ஜித்ரா சண்டையில் பிரிட்டிஷ் அரண் உடைந்தது. பஞ்சாப் ரெஜிமென்ட் ஒன்றைச் சேர்ந்த மோகன் சிங் சிதறிய வீரர்களோடு ரப்பர்க் காட்டிலும் சேற்றிலும் அலைந்து சரணடைந்தார். அவரைச் சந்திக்க வந்த ஃபுஜிவாரா, பாங்காக் இந்தியரான பிரீதம் சிங்கையும் அழைத்து வந்தார். மிரட்டவில்லை, அவமதிக்கவில்லை. அலோர் ஸ்டாரில் கடைகள் சூறையாடப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நகரில் ஒழுங்கை நிலைநாட்டும் பொறுப்பை மோகன் சிங்கிடமே ஒப்படைத்தார். இந்தியச் சாப்பாடு சமைக்கச் சொல்லி, தோற்ற படையின் வீரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அத்தனை ஆண்டு பிரிட்டிஷ் படையில் இருந்தும் வெள்ளை அதிகாரி எவரும் தங்களோடு இப்படிச் சேர்ந்து சாப்பிட்டதில்லை என்று மோகன் சிங் நெகிழ்ந்து போனார்.

அந்த நெகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். அடிமைப்பட்ட நாட்டின் வீரனுக்கு, வென்றவன் ஒருவன் சமமாக உட்கார்ந்து சாப்பிடுவது சாதாரண அனுபவம் அல்ல. ஃபுஜிவாராவும் நடிக்கவில்லை. இந்தியா விடுதலை பெற வேண்டும் என்று அவர் உண்மையாகவே விரும்பினார். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி சிங்கப்பூர் ஃபாரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியப் போர்க்கைதிகள் முன் அவர் பேசியபோதும் அந்த உண்மை அவரிடம் இருந்தது.

அடுத்து நடந்ததைத்தான் மேடைப் பேச்சாளர் விட்டுவிட்டார். சில வாரங்களில் ஃபுஜிவாராவை மாற்றிவிட்டார்கள். அவர் இடத்துக்குக் கர்னல் இவாகுரோ பெரிய அலுவலகத்தோடு வந்தார். 1942 ஜூனில் இந்தியர்களின் பாங்காக் மாநாடு கூடித் தீர்மானங்கள் போட்டது. இந்திய தேசிய ராணுவம் ஜப்பானின் கூட்டாளிப் படையாக மதிக்கப்படுமா, விடுதலை பெறும் இந்தியாவில் ஜப்பான் தலையிடாது என்பது உறுதியா என்று ஜப்பானிய அரசிடம் எழுத்தில் பதில் கேட்டது. தெளிவான பதில் வரவே இல்லை. ஃபுஜிவாரா வாயால் சொன்ன எதுவும் தோக்கியோவைக் கட்டுப்படுத்தவில்லை. பினாங்கு வழக்கறிஞர் ராகவன், மாநாடு அமைத்த செயற்குழுவிலிருந்து விலகினார். டிசம்பர் 29ஆம் தேதி மோகன் சிங்கை ஜப்பானியர் கைது செய்தனர். அவர் முன்பே எழுதிவைத்திருந்த கட்டளைப்படி படை கலைந்தது. அலோர் ஸ்டாரில் சேர்ந்து உண்ட சாப்பாட்டிலிருந்து அந்தக் கைது வரைக்கும் ஓராண்டும் சில நாட்களும்.

ஆள் மாறினால் நட்பு அறுந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. அது சரிசெய்யக்கூடிய குறைதான். கலைந்த படையை மீண்டும் கட்டிய சுபாஷ் சந்திர போஸ் அதைச் சரிசெய்து காட்டினார். 1945இல் ஜப்பான் ஹாச்சியா தெருவோ என்பவரைத் தூதராக அனுப்பியபோது அவர் நியமனப் பத்திரம் இல்லாமல் ரங்கூனுக்கு வந்தார். போஸ் அவரைத் தூதராக ஏற்றுச் சந்திக்க மறுத்துவிட்டார். பத்திரம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். ஜப்பானின் தயவில் நின்றுகொண்டே அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். மோகன் சிங்கின் தோல்வியிலிருந்து அவர் கற்ற பாடம் அது. மனிதரை நம்பு, ஆனால் காகிதத்தைக் கேள்.

ஆனால் என் மறுப்பு இதற்கும் அப்பால் இருக்கிறது. மோகன் சிங்கின் நட்பிலும் போஸின் காகிதத்திலும் ஒரே ஆள் விடுபட்டிருந்தான். அவன் கெடாவின் தோட்டத் தொழிலாளி.

1942, 43இல் நம் தோட்டங்களில் நடந்தது பல வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. ரப்பர் வாங்க ஆள் இல்லை. பெரட்டுக்குப் போனாலும் வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். அந்த நேரத்தில் சயாமில் வேலை, மூன்று மாதம், நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடும் மருந்தும் இலவசம் என்று அறிவிப்பு வந்தது. போதிய ஆள் சேரவில்லை என்றதும் கிராணிகளிடம் பட்டியல் கேட்டார்கள். படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து லாரியில் ஏற்றிய கதைகளும் உண்டு. சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்து வடக்கே அனுப்பினார்கள். தெற்கிலிருந்து புறப்பட்ட ரயில்களும் சுங்கைப் பட்டாணி, குரூண், அலோர் ஸ்டார் வழியாகத்தான் பாடாங் பெசாரைத் தாண்டின. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட ரயில் பாதை வேலைக்குப் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பராமரிக்கப்பட்ட மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் தமிழ்த் தொழிலாளியின் பெயர் கிடையாது. அவன் கதையை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலாக எழுதினார். எந்தத் தூதரகமும் அதை எழுதவில்லை.

1943 அக்டோபரில் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 17ஆம் தேதி, பர்மாவிலிருந்து வந்த தண்டவாளமும் சயாமிலிருந்து வந்த தண்டவாளமும் சந்தித்து மரண ரயில் பாதை முழுமை பெற்றது. 18ஆம் தேதி, ஜப்பான் தன் கூட்டாளியான சயாமுக்குக் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களின் ஆட்சியை ஒப்படைத்தது. ஆகஸ்டில் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பலன் அது. 21ஆம் தேதி, சிங்கப்பூர் கேத்தே மண்டபத்தில் போஸ் ஆசாத் ஹிந்த் என்ற சுதந்திர இந்திய இடைக்கால அரசை அறிவித்தார். 23ஆம் தேதி, ஜப்பான் அதை அங்கீகரித்தது.

ஏழே நாள். இரண்டு நட்புகள், ஜப்பானும் சயாமும், ஜப்பானும் ஆசாத் ஹிந்தும், ஒரே வாரத்தில் உச்சிக்கு ஏறின. மூன்று தலைநகரங்களிலும் கைகுலுக்கல்கள், விருந்துகள், வாழ்த்துத் தந்திகள். அந்த வாரம் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் லயத்தில் படுத்திருந்த ஒரு பாட்டாளியின் நிலை என்ன? அவன் இருந்த மண் அவனைக் கேட்காமல் கைமாறியது. அவன் பெயரில் ஓர் அரசாங்கம் பிறந்தது. அவன் அண்ணனையும் தம்பியையும் விழுங்கிய பாதை கட்டி முடிந்தது. மூன்றுமே நண்பர்கள் சேர்ந்து செய்தவை.

போஸ் ஜப்பானிடம் கேட்டுப் பெற்றவை சில உண்டு: அங்கீகாரம், பெயரளவில் அந்தமான் நிக்கோபார் தீவுகள், கடைசியில் நியமனப் பத்திரத்தோடு தூதர். சயாம் ரயில் பாதையிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை மீட்டுத் தந்த உடன்பாடு என்று ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. ரயிலுக்குப் போவதைத் தவிர்க்கவே ராணுவத்தில் சேர்ந்த தோட்டத்து இளைஞர்கள் உண்டு, அவர்கள் தப்பினார்கள். மற்றவர்களைப் பற்றிக் கேட்டிருந்தால் கூட்டு கசந்திருக்கும். கூட்டாளியின் முகத்தில் அறைவது போல இருந்திருக்கும். ஒரு பத்திரத்துக்காகத் தூதரையே சந்திக்க மறுக்கத் துணிந்த தலைவருக்கும் இந்தக் கேள்வியில் வாய் திறக்க இடமில்லாமல் போயிற்று.

தூதர்களின் நட்பின் பெரும் குறை இதுதான். அது கேள்வியை விழுங்கிவிடும். நண்பனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் மனம் கோணும் என்பது நட்பு வளர வளரத் தானே பழகிவிடும். விருந்தில் சிரித்துப் பேசியவரிடம் மறுநாள் காலை சங்கடமான கோப்பை எடுத்துச் செல்லக் கை வராது. இரண்டு சம்பந்திகள் எவ்வளவு ஒட்டி உறவாடினாலும், உள்ளே மருமகள் என்ன பாடு படுகிறாள் என்று கேட்க அந்த ஒட்டுறவே விடாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். நம் தோட்டத் தொழிலாளி அந்த மருமகளின் இடத்தில் ஒரு நூற்றாண்டாக நின்றுகொண்டிருக்கிறான்.

இது போர்க்காலத்து விபரீதம், அமைதிக் காலத்தில் நட்பு வேறுவிதமாக வேலை செய்யும் என்று பதில் வரலாம். அமைதிக் காலத்துக்கும் ஒரு சான்று தருகிறேன்.

வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியை விடப் பழக இனிமையான தூதரை அந்தக் காலத்து இந்தியா அனுப்பியதில்லை. 1927இல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகப் போய், நிறவெறி பிடித்த வெள்ளையர்களையும் தம் பேச்சால் கவர்ந்தவர். 1936 டிசம்பரில் அவரை மலாயாவுக்கு அனுப்பினார்கள், தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய. அறிக்கை 1937இல் வந்தது. மந்தக் காலத்தில் வெட்டிய கூலியை மறுபடி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு ஆக்க வேண்டும் என்றார். கங்காணி ஆள்சேர்ப்பு வேண்டாம் என்றார். இவ்வளவும் நல்லது. ஆனால் உதவிப் பயணத்தில் தொழிலாளர்கள் மலாயா வருவதை நிறுத்தக் காரணம் எதுவும் இல்லை என்று முடித்தார். மலாயா மத்திய இந்தியர் சங்கம் ஏமாந்து போய்க் கண்டித்தது.

சாஸ்திரி கேட்ட கூலி 1937இல் வந்தது. ஆனால் அது எத்தனை நாள் நின்றது? ரப்பர் விலை சரிந்ததும் 1938இல் தோட்டத் துரைமார் 50 காசை 45 ஆகவும் 40 காசை 36 ஆகவும் வெட்டினார்கள். விலை நன்றாக இருந்தவரை நட்பு நன்றாக இருந்தது. அதற்கு இந்திய அரசு தந்த பதில் புன்னகை இல்லை. 1938 ஜூன் 15ஆம் தேதி உதவிப் பயணத்தில் தொழிலாளர் அனுப்புவதை அடியோடு தடை செய்தது. சாஸ்திரியின் இனிமையால் பெற்றதை ரப்பர்ச் சந்தை ஓராண்டில் பறித்துக்கொண்டது. கசப்பான அந்த ஒரு கட்டளையோ, ஒரு நூற்றாண்டு காலமாக நடந்த ஆள் ஏற்றுமதியை நிறுத்தியது. எங்கள் பாட்டனார்கள் ஏறி வந்த கப்பல்களை நிறுத்தியது இந்தத் தடைதான், எந்தத் தூதரின் நட்பும் அல்ல.

விடுதலைக்குப் பிறகும் கதை மாறவில்லை. 1962க்கும் 1965க்கும் இடையே கோலாலம்பூரும் தில்லியும் எவ்வளவு நெருங்கி இருந்தன என்று மேலே சொன்னேன். பிரதமர் துங்கு கெடாவைச் சேர்ந்தவர், கூலிம் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். தோட்டங்களை நேரில் அறிந்தவர். அந்த நெருக்கத்தின் சூடு ஆறுவதற்கு முன்பே, 1969 மே மாதத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் எல்லோரும் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்த மண்ணிலேயே முப்பது நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர்கள், விண்ணப்பம் எழுதத் தெரியாததாலோ சான்றிதழ் தொலைந்ததாலோ அந்நியர் ஆனார்கள். ஒரே வீட்டில் கணவருக்கு நீல அடையாள அட்டை, மனைவிக்குச் சிவப்பு. ஏறத்தாழ 60,000 பேர் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியா திரும்பினார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். கெடாத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பலுக்குக் காத்திருந்தார்கள். பலர் நாகப்பட்டினத்தில் இறங்கியபோது அவர்களுக்கு அங்கே வீடும் இல்லை, நிலமும் இல்லை.

நட்பின் கணக்கில் இருந்த இருப்பை எடுத்துச் செலவழிக்க இதைவிடத் தக்க நேரம் எது? போரில் துணை நின்ற நண்பனிடம், ஐ.நா.வில் தனக்காகப் பேசிய நண்பனிடம், இந்த மக்களுக்கு இரண்டு ஆண்டு தவணை கொடு, மொழி தெரிந்த அதிகாரிகளைத் தோட்டத்துக்கே அனுப்பி விண்ணப்பம் நிரப்பு என்று தில்லி கேட்டிருக்க முடியாதா? ரஜூலா நிற்கவில்லை. நட்பும் கெடவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை விளங்கும்: கேட்காமல் விட்டதால்தான் நட்பு கெடாமல் இருந்தது.

அறைக்குள் நட்பு உடைந்தாலும் வெளியில் இருப்பவர்களே விலை கொடுக்கிறார்கள். 2018 மே 31ஆம் தேதி, அலோர் ஸ்டாரில் பிறந்த மகாதீர் முகமது மீண்டும் பிரதமராகிச் சில வாரங்களே ஆன நிலையில், நரேந்திர மோடி புத்ராஜெயாவில் அவரைச் சந்தித்து மகிழ்ந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் காஷ்மீர் பற்றி மகாதீர் ஐ.நா.வில் பேசினார். 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதற்கு முந்திய ஆண்டு மலேசியப் பாமாயிலை உலகிலேயே அதிகம் வாங்கியது இந்தியாதான். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவனுக்குக் காஷ்மீரில் என்ன பங்கு? தலைவர்களின் கோபத்துக்கும் அவனே பொறுப்பு, அன்புக்கு மட்டும் அவன் அந்நியன்.

2024 ஆகஸ்டுக்கு வருவோம். அந்தப் பயணத்தில் கையெழுத்தான உடன்பாடுகளில் ஒன்றே ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தொழிலாளர்களைச் சேர்ப்பது, வேலைக்கு வைப்பது, திருப்பி அனுப்புவது பற்றிய புரிந்துணர்வு உடன்பாடு அது. மேடைகளில் யாரும் அதைச் சொல்வதில்லை. திருவள்ளுவர் இருக்கையைச் சொல்கிறார்கள், பழைய கெடாவான கடாரத்தைச் சொல்கிறார்கள், சகோதரத்துவத்தைச் சொல்கிறார்கள்.

சுங்கைப் பட்டாணியில் நான் வழக்கமாகச் சாப்பிடும் வாழையிலைக் கடையில் இலை போடுகிற இளைஞர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கட்டைவிரலில் மஞ்சள் கறை ஏறியிருக்கும். ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்கு அவர் அம்மாவின் தோடு வட்டிக் கடையில் இருக்கிறது. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது, பெர்மிட் புதுப்பித்தார்களா என்று அவருக்குத் தெரியாது. இப்படி ஓர் உடன்பாடு இருக்கிறது தம்பி என்று சொன்னபோது, "அப்படியாண்ணே, அது நமக்கா, கம்பெனிக்கா?" என்று கேட்டார். இரண்டு அரசுகளிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. எந்த விருந்திலும் யாரும் கேட்காத கேள்வியும் அதுதான். ஏஜெண்டு வாங்கிய பணத்தை யார் திருப்புவது, பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொண்டால் யாரிடம் புகார் கொடுப்பது, புகார் கொடுத்தவனை நாடு கடத்தாமல் யார் காப்பது என்று அந்த உடன்பாட்டைத் தமிழில் எழுதி ஒவ்வொரு தொழிலாளி கையிலும் கொடுக்காதவரை, அது அறைக்குள் இருந்தவர்களின் சொத்து.

மேடையில் கடாரத்தைச் சொல்கிறவர்கள் அதன் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். 1006ஐ ஒட்டி, கடாரத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அது செப்பேட்டில் எழுதப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டில், 1025இல், ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கி அதன் அரசனைப் பிடித்தான். அத்தனை நட்பும் ஒரு படையெடுப்பில் கரைந்தது. ஆனால் 1090இல் கடாரத்து அரசனின் தூதர்கள், ராஜவித்யாதர சாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும், முதலாம் குலோத்துங்கனிடம் வந்தார்கள். விகாரத்துக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்குத் தந்து அதைச் செப்பேட்டில் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தான் சோழன். போரைக் கடந்து நின்ற பழைய கொடை இருந்ததால்தான் அவர்களால் அப்படி வந்து கேட்க முடிந்தது. அந்த இரு தூதர்களும் எத்தனை விருந்து உண்டார்கள், சோழனோடு எவ்வளவு நெருங்கிப் பழகினார்கள் என்று செப்பேடு சொல்லவில்லை. எந்த ஊர், யாருக்கு, எந்த வரி என்று சொல்கிறது. அந்த அரசவையில் இல்லாத பிக்குகளுக்காக அவர்கள் பேசினார்கள். தூதருக்குரிய வேலை அதுவே.

ஆகவே நம் சங்கங்களிடமும் கோயில் குழுக்களிடமும் ஒன்று கேட்கிறேன். இனி எந்தத் தூதர் கெடாவுக்கு வந்தாலும் மாலை போடுங்கள், சால்வை போர்த்துங்கள், அதில் குறை வைக்க வேண்டாம். மாலை போட்ட கையோடு ஒரு பட்டியலையும் கொடுங்கள். இந்த மாவட்டத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் நிற்கும் தொழிலாளர்கள், சம்பளம் வராதவர்கள், சிவப்பு அட்டையோடு முதுமையடைந்தவர்கள் என்று எழுதி, படித்துப் பார்த்தேன் என்று கையெழுத்து வாங்குங்கள். அடுத்த ஆண்டு அவர் வரும்போது, அல்லது அவர் இடத்துக்கு வேறொருவர் வரும்போது, அதே பட்டியலை மேடையில் வாசியுங்கள். அந்தச் சங்கடத்தைத் தாங்காத நட்பு நமக்குத் தேவையில்லை. தாங்குகிற நட்பு உண்மையானது; அதை நானும் கைதட்டி வரவேற்பேன்.